போலீஸ் உங்கள் போனைக் கேட்டால்: ஸ்டேஷன் முதல் கோர்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை எல்லோருக்கும் நினைவிருக்கும். குற்றவாளி போனில் ‘சார்’ என்று பேசியதாகச் சொல்லப்பட்ட இன்னொருவரைப் பற்றி ‘யார் அந்த சார்’ என்று தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, சம்பவ நேரத்தில் குற்றவாளியின் போன் ஃபிளைட் மோடில் இருந்தது என்று அரசுத் தரப்பு சொன்னது போன் பதிவுகளை வைத்துத்தான். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, 30 ஆண்டுகளுக்கு எந்தத் தண்டனைக் குறைப்பும் கூடாது என்றது. அதே வழக்கில்தான் மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அதற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் கசிவை விசாரிக்கப் புறப்பட்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, செய்தியாளர்கள் சிலரின் போன்களைப் பறிமுதல் செய்தது. 2025 பிப்ரவரியில் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அதே உயர் நீதிமன்றம்தான்.

“தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்பவர்களும் சரி, “போலீஸுக்கு எதையும் காட்டாதே” என்பவர்களும் சரி, இந்த ஒரு வழக்கை முழுசாகப் படித்தால் கொஞ்சம் நிதானப்படுவார்கள். டிஜிட்டல் தடயம் இல்லாமல் இன்றைக்குத் துப்புத் துலக்க முடியாது. அதே தடயம் கைமாறினால் பாதிக்கப்பட்டவரே மறுபடியும் பாதிக்கப்படுகிறார்.

இந்த இரண்டுக்கும் நடுவில், நடைமுறையில், ஒரு தாள்தான் நிற்கிறது. எதை எடுக்கிறோம், எந்த வழக்குக்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யார் கையெழுத்தில் என்று எழுதிய தாள். அந்தத் தாளை எப்படிக் கேட்டு வாங்குவது, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அவர்கள் தராவிட்டால் நாமே எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன். இந்தியச் சட்டத்தை, குறிப்பாகத் தமிழ்நாட்டு ஸ்டேஷன் நடைமுறையை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் மேல் வழக்கே பதிவாகியிருந்தால் இதைப் படித்துவிட்டு நிற்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

முதலில் ஒரு அடிப்படை

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசு அதில் கை வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

இதை ஸ்டேஷன் வாசலில் நின்று பிரசங்கம் செய்யத் தேவையில்லை. மூன்று கேள்வியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள்? எந்த வழக்குக்காக? இவ்வளவும் எதற்கு? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோர்ட்டில் பெரும்பாலும் எடுபடுவது அதுதான்.

படி 1: பேசுவது போலீஸ்தானா?

வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்டு ஒருவர் வந்து “உங்கள் ஆதார் எண்ணில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கேமராவை அணைக்காதீர்கள்” என்றால், கட் செய்யுங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எந்தச் சட்டத்திலும் எதுவும் இல்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். அங்கே மட்டும் தாளுக்காகக் காத்திருக்காதீர்கள், வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் அப்போதே கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும்.

நேரில் வந்தவர் மஃப்டியில் இருந்தால் பெயர், பதவி, ஸ்டேஷன் கேளுங்கள். அடையாள அட்டையைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சந்தேகமாக இருந்தால் ஸ்டேஷனின் லேண்ட்லைனுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

படி 2: இந்த வழக்கில் நீங்கள் யார்?

எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும். “சார், என்னைச் சாட்சியாக் கூப்பிடுறீங்களா, இல்ல என் மேலயே புகார் இருக்கா?” என்று நேரடியாகக் கேளுங்கள்.

சாட்சி என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவில் எழுத்துமூலம் அழைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான். பெயர் வாயில் நுழையாததால் வக்கீல்கள் எல்லோரும் பி.என்.எஸ்.எஸ். என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட மற்றும் 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவர்களே விரும்பி ஸ்டேஷனுக்குப் போவது வேறு.

உங்கள் மேலேயே சந்தேகம், ஆனால் கைது இல்லை என்றால், ஆஜராகச் சொல்லி 35(3) பிரிவில் நோட்டீஸ் வரும். பழைய 41ஏ நோட்டீஸ்தான் இது. அது வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், சொன்ன தேதியில் போங்கள், வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைதே ஆகிவிட்டால், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையை 38ஆம் பிரிவு தருகிறது. விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 3: “போனைக் குடு தம்பி” என்றால்

2021 அக்டோபரில் ஹைதராபாத்தில், கஞ்சா தேடுகிறோம் என்று தெருவில் போகிறவர்களை நிறுத்தி வாட்ஸ்அப்பைத் திறந்து ‘கஞ்சா’ என்று தேடிப் பார்த்த போலீஸாரின் வீடியோ பரவியது. நம்மூர் வாகனச் சோதனையிலும் இது நடப்பதுண்டு. வழக்கு இல்லாமல், எழுத்து இல்லாமல், போகிற வருகிறவரின் போனை நோண்டிப் பார்க்க அனுமதிக்கும் பிரிவு என்று எதையும் காட்ட முடியாது. அதனால்தான் அந்த இடத்தில் ‘சம்மதம்’ முக்கியமாகிறது. நீங்களாக லாக்கை எடுத்து நீட்டிவிட்டால், அவர் விருப்பப்பட்டுக் காட்டினார் என்று முடிந்துவிடும்.

சண்டை வேண்டாம். வீடியோ எடுத்து வீரம் காட்டுவதும் இரவு 11 மணிக்கு நல்ல யோசனை இல்லை. இப்படிச் சொல்லலாம்:

“சார், வழக்கு ஏதாவது இருந்தா எழுத்துல குடுங்க, நாளைக்கே ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து தர்றேன். சும்மா பாக்கறதுக்குத் திறந்து தர எனக்குச் சம்மதம் இல்ல சார்.”

வற்புறுத்தித் திறக்க வைத்தால் எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். இடம், நேரம், வண்டி எண், சட்டையில் இருக்கும் பெயர் ஆகியவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். தேதியோடு ஒரு பதிவு உண்டாகிவிடும்.

‘எழுத்தில்’ என்பது நாமாகக் கண்டுபிடித்த நிபந்தனை அல்ல. பி.என்.எஸ்.எஸ். 94ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுத் தகவலையோ, டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய போன் போன்ற கருவியையோ ஒப்படைக்கும்படி உத்தரவிட ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், தாளிலோ மின்னணு வடிவிலோ. பழைய 91ஆம் பிரிவில் ‘ஆவணம் அல்லது பொருள்’ என்றுதான் இருந்தது. புதிதில் போனையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். போலீஸின் கை நீண்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அந்த உத்தரவுக்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்துகூட வேண்டாம் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

உத்தரவு வந்த பிறகு அழிப்பது, ஃபார்மேட் செய்வது, தொலைந்துவிட்டது என்பது எல்லாம் கூடவே கூடாது. சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 241ஆம் பிரிவில் தனிக் குற்றம். இருந்த வழக்கில் சாட்சியாக இருந்தவர் இதனாலேயே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

படி 4: போனுக்குப் பதில் நகல்

புகார் கொடுக்கப் போனவரின் போனையே வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஸ்டேஷன்களில் நான் அதிகம் கேள்விப்படும் மனக்குறை. மிரட்டல் மெசேஜ் வந்தது என்று புகார் கொடுத்த பெண்ணின் போன் தடயவியல் ஆய்வகத்துக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்தால், அடுத்தவர் புகார் கொடுக்க வருவாரா?

அதற்கு வழி இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலையும் சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது. பழைய 65பி சான்றிதழின் புது வடிவம். சட்டத்தின் அட்டவணையிலேயே மாதிரிப் படிவம் இருக்கிறது. ‘அ’ பகுதியைப் பதிவை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு எழுத இடம் உண்டு. கோப்பைக் கணினி ஒரு நீண்ட எழுத்து-எண் வரிசையாகச் சுருக்கித் தருவது ஹேஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசையே மாறிவிடும். பார்சலின் மேல் அடிக்கும் அரக்கு முத்திரை மாதிரி, இடையில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. விண்டோஸ் கணினியிலேயே எஸ்.எச்.ஏ.256 ஹேஷ் எடுக்கும் கட்டளை உண்டு, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

புகார்தாரர் என்றால் குறிப்பிட்ட அந்த உரையாடலை மட்டும் ‘எக்ஸ்போர்ட் சாட்’ செய்து, ஸ்கிரீன்ஷாட் சேர்த்து, பென்டிரைவில் கொடுத்து, சான்றிதழையும் இணைத்து, “அசல் போன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீதிமன்றம் கேட்டால் ஒப்படைப்பேன்” என்று மனுவில் எழுதுங்கள். விசாரணை அதிகாரி ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். கொலை, போக்ஸோ போன்ற வழக்குகளில் அசல் கருவிதான் வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது, அழித்த மெசேஜை அதிலிருந்துதான் மீட்க முடியும். ஆனால் நீங்கள் நகல் தர முன்வந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கும்.

கடைக்காரர்கள், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சென்னையில் ‘மூன்றாவது கண்’ பிரசாரத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு கேமரா. செயின் பறிப்பு நடந்தால் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். வந்தவர் கேமரா பதிவுகள் சேரும் டி.வி.ஆர். பெட்டியையே பிடுங்கிக்கொண்டு போனால், அந்தத் திருடனோடு சேர்த்து உங்கள் கடைக்கு வந்த எல்லோரும், மாடி வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதும் போய்விடும். உங்கள் கடையும் கேமரா இல்லாமல் நிற்கும்.

தேதியும் நேரமும் குறிப்பிட்ட 94ஆம் பிரிவு உத்தரவு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை, மின்னணு வடிவம் செல்லும். அந்த நேர இடைவெளியை மட்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்து, நகல் எடுங்கள். பெரும்பாலான டி.வி.ஆர்.கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிவிடும், அதனால் உத்தரவு வருவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். கொடுப்பதை மட்டும் உத்தரவு வந்த பிறகு கொடுக்கலாம். இன்னொன்று: டி.வி.ஆர். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தால் எத்தனையோ குறுக்கு விசாரணைகள் நாசமாகியிருக்கின்றன. பிறகு இப்படி ஒரு கடிதம்:

“ஐயா, தங்கள் நிலையக் குற்ற எண் ___ தொடர்பான தங்கள் உத்தரவின்படி, ___ தேதி மாலை 6 மணி முதல் 8 மணி வரையிலான பதிவின் நகலை ஒரு பென்டிரைவில் இத்துடன் ஒப்படைக்கிறேன். டி.வி.ஆர். கடிகாரம் உண்மையான நேரத்தைவிட ___ நிமிடம் முந்திக் காட்டுகிறது. ஹேஷ் மதிப்பு இணைத்துள்ள 63ஆம் பிரிவுச் சான்றிதழில் உள்ளது. அசல் பதிவை ___ தேதிவரை பாதுகாத்து வைத்திருப்பேன்.”

இரண்டு பிரதி. ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் ஸ்டேஷன் முத்திரையும். 94(2)இன்படி நீங்களே நேரில் போக வேண்டியதில்லை, கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும்.

படி 5: பறிமுதல் என்றால் மகஜர்

வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போட பி.என்.எஸ்.எஸ். 185ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் ஏன் தேட வேண்டும், எதைத் தேடப் போகிறேன் என்று அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அவரிடம் மனுப் போட்டால் வீட்டுக்காரருக்கு இலவசமாக நகல் கிடைக்கும். இது தெரிந்து கேட்பவர்கள் அபூர்வம்.

சோதனையின்போது அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு சுதந்திரமான சாட்சிகள் இருக்க வேண்டும், நீங்களும் உடனிருக்கலாம். 105ஆம் பிரிவு புதிதாக ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது: சோதனை, பறிமுதல், பட்டியல் தயாரிப்பு, சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாம் வீடியோவாக வேண்டும், அந்த வீடியோ தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். புதிய சட்டத்தில் மனதாரப் பாராட்டக்கூடிய பிரிவு இது. “சார், வீடியோ ஓடுதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓடவில்லை என்றால் ஓட ஆரம்பிக்கும்.

எதை எடுத்தோம் என்று சாட்சிகள் முன்னால் எழுதும் பட்டியல்தான் மகஜர். அதில் ‘கருப்பு நிற செல்போன் 1’ என்று எழுதுவதுதான் வழக்கம். அதோடு விடாதீர்கள். கம்பெனி, மாடல், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் இரண்டும், சிம் எத்தனை, மெமரி கார்டு இருக்கிறதா, திரையில் கீறல் உண்டா, ஆன் ஆகியிருந்ததா ஆஃபா, ஃபிளைட் மோடில் போட்டார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எந்த உறையில் வைத்து யார் முத்திரையிட்டார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை *#06# அடித்தால் பார்க்கலாம். போன் போய்விட்ட பிறகு அடிக்க முடியாதே, அதனால் இப்போதே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில், உங்களுக்கு ஒப்பாதது எதுவோ அதைக் கையெழுத்துக்கு மேலேயே எழுதலாம். “எழுத்துமூல உத்தரவு தரப்படவில்லை”, “உறை என் முன்னால் முத்திரையிடப்படவில்லை” போன்ற ஒரு வரி போதும். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பட்டியலின் நகல் உங்களுக்குத் தந்தாக வேண்டும்.

அதன்பின் பொருள் ‘படிவம் 95’ என்ற தாளோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும். போனதா என்று வக்கீல் கோர்ட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஸ்டேஷன் ரைட்டர் மேஜை டிராயரில் கிடக்கும் போன்தான் எல்லோருக்கும் ஆபத்து. உங்களுக்கும்தான், வழக்கு நடத்தப்போகும் அரசு வக்கீலுக்கும்தான்.

படி 6: பாஸ்வேர்டு

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). கைரேகை தருவது அதில் வராது என்று 1961லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள். ஆனால் மண்டைக்குள் இருக்கும் பாஸ்வேர்டு?

கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல், அது சாட்சியம் ஆகாது என்ற பக்கம் சாய்ந்தது. டெல்லியில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022இல், பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, விரல்ரேகையால் திறக்கச் சொல்லலாம் என்றது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும், விசாரணை நடக்கும்போது பாஸ்வேர்டைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை வற்புறுத்த முடியாது என்றது. உச்ச நீதிமன்றத்தின் முடிவான சொல் இன்னும் இல்லாததால், உங்கள் மேல் வழக்கு என்றால் “வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்பதுதான் பாதுகாப்பான பதில். சாட்சிக்கு இந்தக் கவசம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 180(2) பிரிவின்படி தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

போன் திறந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சட்டம் பெரிதாக ஓட்டை விட்டிருக்கிறது. ஒரு நாள் நடந்த பேச்சு வேண்டும் என்று வாங்கிய போனிலிருந்து பத்து வருட போட்டோ, மருத்துவ ரிப்போர்ட், மனைவியோடு போட்ட சண்டை எல்லாமே நகலாகிறது. பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், கருவிப் பறிமுதலுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவரும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. அதுவரை சி.பி.ஐ. கையேட்டைப் பின்பற்றுவோம் என்றது அரசு.

எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி மட்டும் கிடைத்திருக்கிறது. வக்கீல்களுக்கு விசாரணை அமைப்புகள் சம்மன் அனுப்பிய விவகாரத்தில் 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: வக்கீலின் கருவியை கோர்ட்டில்தான் ஒப்படைக்க வேண்டும், கட்சிக்காரருக்கு நோட்டீஸ் தர வேண்டும், அவர்கள் முன்னிலையில், அவர்கள் விரும்பும் தொழில்நுட்ப ஆளையும் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும், மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும். அருமையான ஏற்பாடு. டாக்டருக்கும் செய்தியாளருக்கும் சாதாரண ஆட்டோ ஓட்டுநருக்கும் ஏன் அது கூடாது என்பதுதான் என் கேள்வி. உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்பைக் காட்டி, தேதி வரம்பு வைத்து, உங்கள் முன்னிலையில் நகல் எடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன்.

படி 7: உங்களுக்குத் தெரியாமலே எடுப்பது

பெரும்பாலான தகவல் உங்கள் கைப்படாமலே போகிறது. அதை வகை பிரித்துத் தெரிந்துகொண்டால் பயமும் குறையும், கேள்வியும் கூர்மையாகும்.

யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்த டவரில் இருந்தீர்கள் என்பது சி.டி.ஆர். பேச்சு அதில் இருக்காது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2013இல் அப்போதைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லியின் பதிவையே ஒரு கான்ஸ்டபிள் மட்டத்தில் எடுக்கப் பார்த்தது வெளியே வந்த பிறகு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் கேட்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இதிலேயே ‘டவர் டம்ப்’ என்று ஒன்று உண்டு. சம்பவ இடத்து டவரில் அந்த நேரம் இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக வாங்குவது. ஒரு கொலைகாரனைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டு முழுக்க வலையில் விழும். உங்கள் எண் டம்ப்பில் இருந்தது என்பதற்காகக் கூப்பிட்டால் பதறாதீர்கள், அந்த வழியாகப் போனேன் என்பதே முழுப் பதில்.

பேச்சையே ஒட்டுக்கேட்பது தனி ரகம், அதற்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்து செல்லாது. 1996இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளம், இன்று 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளாக இருக்கிறது. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும். அவசரத்தில் ஐ.ஜி. அந்தஸ்தில் ஆரம்பித்தாலும் 7 வேலை நாளுக்குள் உறுதியாகாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும். கவனித்தீர்களா, உத்தரவு போடுவதும் அதிகாரி, சரிபார்ப்பதும் அதிகாரி. நீதிபதி எங்கேயும் இல்லை.

இருந்தும் இந்தத் தாள் விளையாட்டே ஒரு வழக்கைத் திருப்பியது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011இல் ஒரு கல்வி நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தார். விஷயம் லஞ்சக் குற்றச்சாட்டு. பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டில் எதிலும் அது அடங்கவில்லை, பதிவுகள் மறுஆய்வுக் குழு முன்னால் வைக்கப்படவும் இல்லை. லஞ்ச வழக்கில் சிக்கியவர் தப்பிக்கலாமா என்று சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கும் லஞ்சத்தின் மேல் பாசம் இல்லை. ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு கோப்பை அனுப்பியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்குமே.

வாட்ஸ்அப் விஷயத்தில் அரட்டையின் உள்ளடக்கம் நிறுவனத்திடமே இல்லை. கணக்கு எப்போது தொடங்கியது போன்ற விவரம்தான் அவர்கள் தர முடியும். போலீஸ் கையில் சாட் கிடைக்கிறது என்றால் அது யாரோ ஒருவரின் போனிலிருந்தோ, பூட்டாத கிளவுட் பேக்அப்பிலிருந்தோதான். பேக்அப்புக்கும் என்கிரிப்ஷன் போடும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற விவாதம் சூடுபிடித்ததில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பங்குண்டு. சமூக வலைதளக் கணக்கை ஆதாரோடு இணைக்கக் கேட்ட பொதுநல வழக்கில் 2019இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி அதற்கு வழி இருக்கிறது என்றார், வாட்ஸ்அப் முடியாது என்றது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் அந்தக் கடமை நுழைந்தது, வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

‘2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே’ என்று நம்பி இருக்காதீர்கள். குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க என்றால் அந்தச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகளுக்கு 17ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

படி 8: உடம்பே டேட்டா ஆகும்போது

கைதானவரிடம் விரல்ரேகை, கருவிழி, போட்டோ எடுக்க 2022 குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அனுமதிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு இருக்கும். முன்பு தண்டனை பெறாதவர் வழக்கிலிருந்து விடுதலையானால் அழிக்க வேண்டும், கோர்ட் வேறு மாதிரி சொன்னால் தவிர. அது தானாக நடக்கும் என்று காத்திருக்காமல் தீர்ப்பு நகலோடு மனுக் கொடுங்கள். ரத்தம் போன்ற உயிரியல் மாதிரியை, பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமோ இல்லாதவர்கள் மறுக்கலாம்.

போலீஸிடம் இருந்தால் பத்திரம்தானே என்று நினைப்பவர்களுக்கு: 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளமே கசிந்தது.

படி 9: திரும்பப் பெறுவதும் முறையிடுவதும்

போன் கோர்ட்டுக்கு வந்ததும், இடைக்காலமாகத் திருப்பித் தரும்படி பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503ஆம் பிரிவில் மனுப் போடுங்கள். எந்தக் கட்டத்தில் எது என்பது வக்கீல் வேலை. பறிமுதலான பொருள் ஸ்டேஷனில் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்று 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும் பெட்டி இரண்டும் வேண்டும். ஆய்வகம் நகல் எடுத்துவிட்டது என்றால் போன் அங்கேயே இருக்க என்ன அவசியம் என்று கேட்கலாம். திரும்பி வந்த போனை ரீசெட் செய்வதற்கு முன் வழக்கு முடிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதை அப்படியே மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று கோர்ட் நிபந்தனை போட்டிருக்கலாம்.

ஸ்டேஷனில் உங்களிடம் மிரட்டிப் போனைத் திறக்க வைத்தார்கள் என்றால், 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உத்தரவு கைகொடுக்கும். எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு சி.சி.டி.வி., பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. உடனே அந்த நாள், அந்த நேரப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் எழுதுங்கள். கேமரா பழுது என்று பதில் வந்தாலும், அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். அந்தரங்க உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது செலவுள்ள வழி. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவிக்கு 15100. அழைக்கும்போது குற்ற எண்ணும் மகஜர் நகலும் கையில் இருக்கட்டும். புகார் மட்டும் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால், புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீதான சி.எஸ்.ஆர். எண்.